முதல் படம் இருட்டாகவே இருக்கட்டும்

பாய்,

நேற்றுக் காலை ஸ்கேனர் மூடியைத் தூக்கினேன். கண்ணாடியின் மேல் உங்கள் தோல் துண்டு கிடந்தது. உள்ளங்கை அகலம், கறுப்பு நிறம், ஒரு ஓரத்தில் கத்தி வழுக்கிய கோணல். மழைக்கு முந்தைய புழுக்கம் வேறு. மூடி திறந்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. எண்ணெயும் பாலிஷும் கலந்து, அடியில் கொஞ்சம் ஆட்டு வாசனை. ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தோல் வாசனை எப்போதோ மரத்துப்போய்விட்டது. நேற்று மட்டும் ஏறியது.

தடித்த புத்தகத்தை ஸ்கேன் எடுக்கும்போது நடுவில் நிழல் விழுகிறது என்று நான் புலம்பியபோது, பையிலிருந்து இதை எடுத்துக் கொடுத்தீர்கள். மேலே வைத்து அழுத்துவதற்கு. நீங்கள் போன பிறகு ஸ்கேனருக்கு வேலையில்லை. எல்லோரும் போனிலேயே படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நேற்று எனக்கே தேவைப்பட்டது. நம் புத்தகத்தின் பழைய பிரதி ஒன்றில் யாரோ ஒரு பிள்ளை பென்சிலால் கிறுக்கியிருந்த பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ள நினைத்தேன். அந்தக் கிறுக்கலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புத்தகம் மறுபடி அச்சாகிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் இன்னொன்று. உங்கள் மேல் எனக்குள்ள கோபம் போகவில்லை. இறந்துபோனவரைப் பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டும் என்று சொல்வார்கள். நான் உங்களைப் பற்றி எழுதவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். தோல் மண்டியில் மூட்டைகளின் மேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மார்க் அடித்துக்கொண்டிருந்தேன். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டால் கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்பதை அங்கேதான் முதலில் கவனித்தேன். பிறகு கம்ப்யூட்டர் வாங்கி, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்து, பக்கம் கட்டக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. கேட்ட இடத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் ஷூ கம்பெனிகளுக்குப் படம் எடுப்பவர். வெளிநாட்டுக்காரன் பார்த்து ஆர்டர் கொடுக்கும் கேட்டலாக்குக்காகத் தோலையும் ஷூவையும் எடுத்து என் கடைக்குக் கொண்டுவருவீர்கள். நான் பக்கம் கட்டித் தருவேன். நமக்குள் பழக்கம் அப்படித்தான் வந்தது. நான் உங்களை பாய் என்றேன். நீங்கள் என்னை தோஸ்த் என்றீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட நினைவு இரண்டு பேருக்குமே இல்லை.

ஊருக்கு வெளியே ஒரு டிரஸ்ட் நடத்தும் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருந்தீர்கள். பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஷூ கம்பெனியில் தைக்கிறவர்கள். யாரோ கொடுத்த பழைய கேமராக்கள் சில இருந்தன. புத்தகம் இல்லை. ஒரு நாள் கடை வாசலில் நின்றுகொண்டே கேட்டீர்கள்.

"தோஸ்த், புள்ளைங்களுக்கு ஒரு புக்கு போடலாமா?"

"யார் எழுதறது?"

"நான் பேசறேன். நீங்க எழுதிக்குங்க."

"நான் டைப் அடிக்கிறவன் பாய்."

"அப்ப டைப் அடிங்க. எழுதுனதா நான் நினைச்சுக்கறேன்."

அப்படி ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து ஸ்டூலில் உட்காருவீர்கள். நீங்கள் பேசப் பேச நான் அடிப்பேன். உங்கள் பேச்சை அப்படியே அடித்தால் புத்தகம் ஆகாது. புத்தகத் தமிழில் மாற்றினால் உங்கள் முகம் சுருங்கிவிடும். "இது யாரு பேசறது? ரேடியோவா?" என்று கேட்பீர்கள். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் ஓட்டையைத் 'திறப்பு' என்று எழுதலாம் என்றேன். கேமராவில் அப்பர்ச்சர் என்றுதானே இருக்கிறது, பிள்ளை கேமராவைப் பார்க்குமா உங்கள் புத்தகத்தைப் பார்க்குமா என்றீர்கள். நானும் விடவில்லை. கடைசியில் அப்பர்ச்சர் என்று எழுதி, முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் திறப்பு என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டோம். எண் பெரிதானால் ஓட்டை சிறிதாகும் என்பதை எனக்குப் புரியவைக்க நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். "ஏன்னு கேக்காதீங்க தோஸ்த். பஸ் நம்பர் மாதிரி மனப்பாடம் பண்ணுங்க. காட்பாடி பஸ்ஸுக்கு ஏன் அந்த நம்பர்னு கேட்டா ஏறுனீங்க?" அதை அப்படியே புத்தகத்தில் போட்டேன். அந்த வரியைத்தான் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்தார்களாம்.

பக்கம் கட்டும்போது சண்டை இன்னும் ஜாஸ்தி. படத்தின் மேல் எழுத்து ஏறக்கூடாது என்பது என் சட்டம். ஒரு பக்கத்தில் ஒரு விஷயம்தான். பிள்ளை புத்தகத்தைத் தரையில் விரித்துவைத்து, இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு எட்டி நின்று படிக்கும். அதனால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், புத்தகம் தானாக மூடிக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் எந்தப் படிப்பிலும் படித்ததில்லை. யோசித்தால் வரும். உங்களுக்கோ இருக்கிற இடத்தில் எல்லாம் படம் வேண்டும்.

"இவ்ளோ வெள்ளையா உட்டா எப்படி? காயிதம் சும்மா கெடக்குதே."

"வெள்ளையும் பக்கம்தான் பாய்."

"கம்பெனிக்காரன் கேட்டா இன்னா சொல்வீங்க?"

"அவன் கேட்டலாக்ல அவன் இஷ்டம். இது என் பக்கம்."

"என் புக்கு," என்பீர்கள்.

"உங்க புக்கு. என் பக்கம்."

இந்தத் தோல் துண்டு பக்கவாட்டு வெளிச்சப் பாடத்துக்காக வந்தது. நேர் வெளிச்சத்தில் வைத்தால் வெறும் கறுப்பு. ஜன்னல் ஓரமாக வைத்து வெளிச்சம் பக்கத்திலிருந்து தடவும்படி செய்தால், ஆடு உயிரோடு இருந்தபோது முள்ளில் உரசிய கீறல்கூடத் தெரியும். அந்தப் பாடம் நன்றாக வந்திருக்கிறது. அதில் எனக்குப் புகார் இல்லை.

என் புகார் எல்லாம் அடுத்த பாடத்தில்தான். வெளிச்சம் கம்மி, வெளிச்சம் சரி, வெளிச்சம் ஜாஸ்தி. ஒரே ஆள், ஒரே இடம், மூன்று படம். நீங்களே எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. "இந்தப் புக்கைப் படிச்சு கேமரா தெரியாத ஒரு ஆள் எடுக்கணும். எடுக்க வந்துடுச்சுன்னா புக்கு சரி. வரலைன்னா எழுதுனது தப்பு" என்று சொல்லி, கேமராவை என் கையில் கொடுத்தீர்கள். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள்.

கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்கச் சொன்னீர்கள். தெரு வெளிச்சம் பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. பேப்பர் கட்டுகளை அடுக்கி அதன் மேல் கேமராவை வைத்தேன். நான் அடித்த பக்கத்தை நானே தரையில் விரித்துவைத்து, எட்டி நின்று படித்தேன். எழுத்து சரியான அளவுதான் என்று அப்போது தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன்.

"ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டு யாரைப் பாக்கறீங்க தோஸ்த்?"

அப்போது நீங்கள் சிரித்த சிரிப்பு நடுப் படத்தில் இருக்கிறது. அளவான வெளிச்சத்தில் உங்கள் பல், தாடி, கண்ணுக்குக் கீழே சுருக்கம், எல்லாம். மூன்றாவது படத்தில் வெளிச்சம் வழிந்து முகமே கரைந்துபோய் இரண்டு கண்ணும் மூக்கின் ஓட்டைகளும்தான் மிச்சம். முதல் படம் இருட்டு. தொப்பியின் விளிம்பில் ஒரு கோடு. அதற்குக் கீழே இடது தோளில் ஒரு கோடு. வேறு ஒன்றும் இல்லை. கேமராப் பை தொங்கித் தொங்கி அந்தத் தோள் ஒரு பக்கமாக இறங்கியிருக்கும். அந்தக் கோடும் அப்படியே சரிந்திருந்தது.

படங்களுக்குக் கீழே போட வேண்டிய வரிகளை நீங்கள் சொன்னீர்கள். நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. முதல் படத்துக்கு, 'இவர் யார் என்று தெரியவில்லை. வெளிச்சம் போதவில்லை.' மூன்றாவதுக்கு, 'இவர் யார் என்று தெரியவில்லை. வெளிச்சம் மிதமிஞ்சிவிட்டது.' நடுவில், 'இப்போது தெரிகிறது.' அவ்வளவுதான். புத்தகத்திலேயே நல்ல பக்கம் அது. சுற்றிலும் வெள்ளை விட்டிருந்தேன். நீங்கள்கூட அந்த வெள்ளையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

புத்தகம் வேலூரில் அச்சுக்குப் போன வாரம் குடியாத்தத்தில் என் மச்சான் இறந்துவிட்டார். லுங்கித் தறி போட்டுக்கொண்டிருந்தவர். நான் அங்கே போய்விட்டேன். அச்சகத்தில் புரூஃப் பார்க்க நீங்கள் போனீர்கள். நான் திரும்பி வந்தபோது புத்தகம் கட்டுக் கட்டாகக் கடையில் இறங்கியிருந்தது. முதல் பிரதியை எடுத்து நேராக அந்தப் பக்கத்தைத்தான் திறந்தேன்.

மூன்று படமும் ஒன்றுபோல இருந்தன. மூன்றிலும் நீங்கள் பளிச்சென்று, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிவப்பாக உட்கார்ந்திருந்தீர்கள். கீழே, 'இவர் யார் என்று தெரியவில்லை.'

அந்த அச்சகத்துக்குச் சோறு போடுவது கல்யாண ஆல்பம். முகம் கறுப்பாக வந்தால் பெண் வீட்டார் ஆல்பத்தை வாங்க மாட்டார்கள். அதனால் படம் எது வந்தாலும் முதல் வேலையாக வெளிச்சத்தைச் சரிசெய்து முகத்தை வெளுப்பாக்குவது அங்கே வழக்கம். புதிதாகச் சேர்ந்த சேகர் நம் புத்தகத்துக்கும் அதையே செய்திருக்கிறான். இருட்டுப் படம் ஒன்று, வெளுத்த படம் ஒன்று. யாரோ எடுக்கத் தெரியாமல் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, இரண்டிலும் நடுப் படத்தின் முகத்தையே ஒட்டி நமக்கு நல்லது செய்திருக்கிறான். அவன் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் நிற்கவில்லை. அவன் கீழே இருந்த வரியைப் படிக்கவில்லை. நீங்கள் படித்தீர்கள்.

"பாத்தீங்களா பாய்?"

"பாத்தேன்."

"பாத்துட்டா ஓகே சொன்னீங்க?"

"அச்சுக்கு பிளேட்டு போட்டுட்டாங்க தோஸ்த். மறுபடி போடணும்னா ஓனர் அந்தப் பையனை ஊட்டுக்கு அனுப்பிடுவாரு. பக்கத்துலயே நின்னுட்டிருந்தான். மூஞ்சியைப் பாத்தேன். முடியல."

"அவன் மூஞ்சியைப் பாத்தீங்க. உங்க மூஞ்சியைப் பாக்கலையா?"

"அது மூணு தடவை பளபளன்னு இருக்குதே" என்று சிரித்தீர்கள்.

நான் சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்றேன். "பண்ணியிருந்தா நீங்க வேணாம்னு சொல்லியிருப்பீங்க" என்றீர்கள். உண்மைதான். சொல்லியிருப்பேன். அதற்காகத்தான் நான் இருக்கிறேன். ஒருத்தன் வேலையைக் காப்பாற்ற என் பக்கத்தைக் கொடுத்தீர்கள். கொடுப்பதற்கு அது உங்களுடையது இல்லை. உங்கள் புத்தகம்தான், என் பக்கம். அன்று சொன்னதை இன்றும் சொல்கிறேன்.

அதன் பிறகும் நீங்கள் வந்தீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். டீ சொன்னீர்கள். நான் கணினித் திரையைப் பார்த்தபடியே குடித்தேன். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்து, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "சார், நீங்க யாருன்னே தெரியலையாம் சார். புக்ல போட்டிருக்கு" என்றதாம். வகுப்பே சிரித்ததாம். அப்புறம் வராந்தாவில் எதிரே வருகிற பிள்ளைகள் எல்லாம் கண்ணுக்கு மேல் கையை வைத்து, "யாரு சார் நீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

"இதுல சிரிக்க இன்னா இருக்கு?" என்றேன்.

"கேளுங்க தோஸ்த். நான் இன்னா பண்ணேன் தெரியுமா? எல்லாரும் பென்சிலை எடுங்கன்னேன். மொதல் படத்தை இருட்டாக்குங்கன்னேன். என் மூஞ்சி மேலயே கிறுக்குங்க, தோளும் தொப்பியும் மட்டும் உடுங்கன்னேன். மூணாவது மேல சாக்பீஸ் தூளைத் தேய்க்கச் சொன்னேன். வெளிச்சம் இன்னா பண்ணும்னு கையாலயே கத்துக்கினாங்க. உங்க புக்கு பேஜார் ஆனதுல ஒரு பாடம் ஜாஸ்தியா கெடச்சிடுச்சு."

நீங்கள் அதைச் சமாதானமாகச் சொன்னீர்கள். எனக்கு இன்னும் எரிந்தது. நான் கட்டிய பக்கத்தின் மேல் பிள்ளைகள் கிறுக்கினால்தான் அது சரியாகும் என்றால், நான் எதற்கு? "அடுத்த தடவை அச்சடிக்கும்போது சரியா போடுங்க, நானும் கூட வர்றேன், வாசல்லயே நிக்கறேன்" என்றீர்கள். அப்போது கிளம்ப எழுந்திருந்தீர்கள். பையை இடது தோளில் மாட்டினீர்கள்.

நீங்கள் வரவில்லை. ஒரு ஷூ கம்பெனியில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அடக்கத்துக்கு வந்தேன். பின்னால் நின்றேன். எல்லோரும் முறை வைத்துத் தோள் மாற்றிக் கொண்டுபோனார்கள். நானும் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தேன். இடது தோள். கடைக்குத் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. உங்களோடு முடிக்க வேண்டிய சண்டை ஒன்று பாக்கி இருந்தது. அதை வைத்துக்கொண்டு எப்படி அழுவது?

இப்போது இந்த வருடம், பள்ளிக்கூடத்திலிருந்து நிர்மலா மேடம் வந்தார். நீங்கள் போன பிறகு அங்கே சேர்ந்தவர். நல்ல மாதிரி. படம் எடுக்கும் வகுப்பை மறுபடி ஆரம்பிக்கிறார்கள், புத்தகங்கள் கிழிந்துவிட்டன, புதிதாக அச்சடிக்க வேண்டும் என்றார். பையிலிருந்து பழைய பிரதிகளை எடுத்து என் மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் அதே பக்கத்தைத் திறந்து காட்டினார். எல்லாவற்றிலும் உங்கள் முகத்தின் மேல் அழுத்தமாகப் பென்சில். சாக்பீஸ் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. கிறுக்கல் மட்டும் பளபளவென்று இருந்தது.

"பாருங்க சார். எல்லா புக்குலயும் இப்படியே பண்ணி வச்சிருக்காங்க. செத்துப்போன மனுஷன் மூஞ்சி மேல. எனக்கு மனசே ஆறல."

"அவர்தான் கிறுக்கச் சொன்னார்."

"யாரு?"

"படத்துல இருக்கறவர்."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அதனால் முழுக்கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லாம் சரி சார். ஆனா இப்ப அவர் இல்லை. இல்லாதவர் படத்தை இருட்டாப் போட்டு, கீழ யாருன்னு தெரியலைன்னு எழுதறது நல்லாவா இருக்கு? டிரஸ்ட்ல ஒத்துக்க மாட்டாங்க. பளிச்சுனு இருக்கற படத்தை ஒண்ணு மட்டும் பெரிசா போடுங்க. கீழ பேரு, நினைவாகன்னு ஒரு வரி. பாடத்துக்கு வேற ஏதாவது எடுத்துக்கலாம். ஒரு பூந்தொட்டி" என்றார்.

"பூந்தொட்டி யாருன்னு எவனும் கேக்க மாட்டான் மேடம். அந்தப் பாடத்துக்கு முகம் வேணும்."

"வேற முகம் எடுத்துக்கலாமே?"

"மாட்டேன்."

"ஏன் சார் இவ்ளோ பிடிவாதம்?"

"அதை விட்டா என்கிட்ட வேற இன்னா இருக்கு?"

அவர் திறந்துவைத்த பிரதிகளை ஒவ்வொன்றாக மூடினார். பிறகு, "அவர் வீட்டம்மா சரின்னு சொன்னா நான் டிரஸ்ட்ல பேசறேன். அவங்க வேணாம்னா நீங்க விட்டுடணும்" என்றார். விட்டுவிடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. போய் பாபியைக் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பாபி வேண்டாம் என்றால் புத்தகத்தின் ஃபைலைத் தருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பிள்ளைகளுக்குப் புத்தகம் இருக்காது. வேறு யாராவது பூந்தொட்டியை வைத்துக் கட்டிக்கொள்ளட்டும். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரியும். "புள்ளைங்களுக்கு புக்கு வேணும், உடுங்க தோஸ்த்." அதனால்தான் உங்களைக் கேட்கவில்லை. நீங்களும் என்னைக் கேட்கவில்லை அல்லவா?

பாபி இப்போது மேல்விஷாரத்தில் உங்கள் மகள் வீட்டில் இருக்கிறார். வேலூரில் இறங்கி ஆற்காடு பஸ் பிடித்தேன். மூன்று படங்களையும் நான் எடுத்தபடியே, யாரும் கை வைக்காமல், பக்கமாகவே பிரிண்ட் எடுத்து அட்டைக்குள் வைத்து மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எக்ஸ்ரேவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உங்கள் மகள்தான் முதலில் வாங்கிப் பார்த்தாள். பழைய புத்தகம் ஒன்று அவளிடமும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அங்கிள், பழசுல அத்தா எவ்ளோ அழகா இருக்காரு. இதுல ஏன் இப்படி இருட்டுல உக்கார வச்சிருக்கீங்க?"

"அது பாடம்மா."

"பாடமா இருந்தா இன்னா? பாக்கறவங்க இவரு யாரோன்னுதானே நினைப்பாங்க. எங்க அத்தா யாரோ இல்லையே அங்கிள்."

எனக்குப் பதில் இருந்தது. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். உங்கள் கண்ணை வைத்துக்கொண்டு அவள் பார்த்தாள், சொல்ல வரவில்லை. உள்ளேயிருந்து பாபி வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். நடுப் படத்தில் நீங்கள் அப்படிச் சிரிக்கிறீர்கள், அதில்தான் கண் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. விரல் முதல் படத்தின் மேல் போய் நின்றது. சரிந்திருந்த அந்தக் கோட்டை மெல்லத் தடவினார்.

"இது எந்த வாசல் அண்ணா?"

"என் கடை, பாபி."

"எங்க ஊட்டு வாசல்னு நெனச்சேன். விடியக்காலம் ஃபஜ்ர் தொழுகைக்குப் போறப்ப லைட்டு போட மாட்டாரு. நான் முழிச்சுக்குவேன்னு. இருட்டுலயே நின்னு செருப்பைத் தேடுவாரு. இப்டிதான் தெரிவாரு. தோளு ஒரு பக்கமா எறங்கி." விரலை எடுக்காமலேயே சொன்னார். "நான் தெனமும் முழிச்சுட்டுதான் இருப்பேன். அவருக்குத் தெரியாது."

தெருவில் தோல் ஏற்றிய வண்டி ஒன்று போனது.

"கீழ இன்னா எழுதியிருக்கு?" பாபிக்கு உருதுதான் படிக்க வரும். மகள் படித்துக் காட்டினாள். 'இவர் யார் என்று தெரியவில்லை. வெளிச்சம் போதவில்லை.'

"தெரியுதே" என்றார் பாபி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஒரு வரி சரியாக நிற்பதற்காகத்தான் நான் இத்தனை காலமாக உங்களோடும் அச்சகத்தோடும் பள்ளிக்கூடத்தோடும் மல்லுக்கு நின்றேன். ஒரே வார்த்தையில் அதைத் தள்ளிவிட்டார்.

"இதை எழுதுனது யாரு, நீங்களா?"

"அவர்தான் பாபி. நான் டைப் அடிச்சேன்."

"அவரு எழுதுனதுன்னா இருக்கட்டும். புள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?" தாளை மகளிடம் கொடுக்காமல் என்னிடமே நீட்டினார். "மூணும் இருக்கட்டும். மொதல் படத்துல மட்டும் வெளிச்சத்தைக் கூட்டிடாதீங்க."

நிர்மலா மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். டிரஸ்டில் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார். முந்தாநாள் வேலூர் அச்சகத்துக்குப் போனேன். சேகர்தான் இப்போது அங்கே எல்லாம் பார்த்துக்கொள்கிறான். தலையில் நரைகூட வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "சார், ஒண்ணும் தொடலை. நீங்களே நின்னு பாத்துக்குங்க" என்றான். மிஷின் ஓடும்வரை நின்றேன். தாளை எடுத்துப் பார்த்த ஒரு வேலையாள், "முதல் படம் அவுட்டு சார், இருட்டா விழுந்திருக்கு" என்று கத்தினான். சேகர் அவனிடம், "கீழ போட்டிருக்கறதைப் படிடா" என்றான். நீங்கள் காப்பாற்றிக் கொடுத்த வேலையில் அவன் நன்றாகத்தான் இருக்கிறான். நல்ல வேலைக்காரன். அதனால் நீங்கள் அன்று செய்தது சரி என்று ஆகிவிடாது பாய். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கிறுக்கிய பக்கத்தை ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை முகத்தை எல்லாம் அழுத்தி அடித்துவிட்டு, தோளின் கோட்டை மட்டும் பத்திரமாக விட்டிருக்கிறது. நீங்கள் சொன்னபடி. தோல் துண்டை மறுபடி கண்ணாடியின் மேலேயே வைத்து மூடினேன்.

காலையில் கடை திறக்கும்போது ஷட்டரைக் கால்வாசி மட்டும் தூக்கி நிறுத்தும் பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. ஸ்டூல் அதே இடத்தில் இருக்கிறது. தெரு வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்து அதன் விளிம்பில் ஒரு கோடு போடுகிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் முழுக்கத் தூக்குகிறேன்.

அடுத்த வாரம் புத்தகம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. உங்களைப் பார்த்தே இராத பிள்ளைகள் அதைத் தரையில் விரித்து எட்டி நின்று படிப்பார்கள். முதல் படத்துக்குக் கீழே, இவர் யார் என்று தெரியவில்லை என்று இருக்கும். நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அவர்களுக்கு அது சரி. பொய்யாக இருப்பது பாபிக்கும் எனக்கும் மட்டும்தான்.